வாடைக்கு முகம் காட்டி

முதல் நாள், வியாழன்

என்னிடம் பருந்துகளின் வால் படங்கள் முந்நூறுக்குக் குறையாமல் இருக்கின்றன. கழுகின் வால், வல்லூற்றின் வால், பூனைப்பருந்தின் வால். நான்கு வருட உழைப்பு. கிளையில் பறவையைப் பார்த்ததும் குனிந்து, பதுங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெருங்குவேன். அது என்னைப் பார்க்கும். இன்னும் இரண்டடி வைப்பேன். பறந்துவிடும். எனக்கு எதிர்த்திசையில்தான் பறக்கும். வேறு எங்கே பறக்கும்? பயந்து ஓடுகிறவன் நின்று முகத்தைக் காட்டிவிட்டா ஓடுவான்?

இந்தச் சின்னக் கணக்கு மண்டையில் ஏற நான்கு வருடம் ஆயிற்று. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன் நான். பக்கத்தின் மூலையில் ஒரு ஒற்று மிகுந்திருந்தாலும் கண்ணை உறுத்தும். முந்நூறு படங்களில் திரும்பத் திரும்ப வந்த இந்தப் பிழை மட்டும் உறுத்தவில்லை.

ஆகவே இந்த ஐந்து நாள் விடுப்புக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் சோலியாகத் தானே கிளம்பும் ஒரு பறவை, கால் கிளையை விட்டு விலகும் அந்த நொடியில், முகத்தோடு வேண்டும்.

திருச்சியில் ரயில் ஏறினேன். புதுக்கோட்டை தாண்டியதும் மண் சிவக்கத் தொடங்கியது. செட்டிநாடு நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் கானாடுகாத்தான். இந்தச் சீமையில் காடு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் வசதி. பொட்டல், கண்மாய், ஊருணி, கரையெல்லாம் பனை, இடையிடையே தைலமரத் தோப்பு, மிச்ச இடமெல்லாம் சீமைக்கருவேல். உட்கார உயரமான ஒரு மொட்டை மரமும், கீழே எலியும் ஓணானும் பாம்பும் இருந்தால் வேட்டைப் பறவைக்குப் போதும். தை மாதமாகையால் வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் விருந்தாளிகளும் இருப்பார்கள்.

தங்கியிருப்பது நண்பனின் பெரியம்மா வீட்டில். ஊரே ஆச்சி என்று அழைப்பதால் நானும் ஆச்சி என்றே அழைக்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. ஒரு காலத்தில் பந்தி பந்தியாகச் சாப்பிட்ட கூடத்தில் இப்போது ஆச்சியும், சமையலுக்கு வரும் ஒரு பெண்ணும், பெரிய சுவர்க்கடிகாரமும்தான். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அதன் மாடியில் கூகை குடியிருக்கிறதாம்.

“வாடகை தருவதில்லை தம்பி. ஆனால் ஒரு எலி இந்தப் பக்கம் வருவதில்லை” என்றார் ஆச்சி.

மாலையில் ஊருணிக் கரைக்குப் போனேன். எதிர் வீட்டு முகப்பின் உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி. அதன் தலைக்கு மேல் ஒரு செம்பருந்து. வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடலுமாக, அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரே செய்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. குடத்தோடு வந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடன் அல்லவா.

படம் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்பது மட்டும் விளங்கியது. காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, வாடை. உட்கார்ந்திருக்கும் பறவை காற்றுக்கு முகம் கொடுத்தே இருக்கும். முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினால் இறகெல்லாம் குடை கவிழ்ந்ததுபோல் கலைந்துவிடும். கிளம்பும்போதும் எதிர்காற்றில்தான் கிளம்பும், விமானம் மாதிரி. மாலை வெயிலோ மேற்கில். நான் மேற்கே நின்றால் வெளிச்சம் உண்டு, முகம் இல்லை. கிழக்கே நின்றால் முகம் உண்டு, ஆனால் கரிக்கட்டை. வாடையும் வெயிலும் ஒரே பக்கமிருந்து வருவது காலையில் மட்டும்தான். தை மாதக் காலையில் இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு பறவைக்குக் கிழக்கே உட்கார்ந்தால், அது என்னை நோக்கிப் பறந்தே தீர வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது.

இரண்டாம் நாள், வெள்ளி

விடியுமுன் கதவுத் தாழைத் திறக்கும் சத்தத்தில் ஆச்சி விழித்துவிட்டார். “கழுகு வீட்டில் முகூர்த்தமா தம்பி, இந்த நேரத்தில் கிளம்புகிறீர்கள்?” என்றவர் காபி இல்லாமல் விடவில்லை.

போன கண்மாயின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் நாளைக்குச் சொல்கிறேன். கலுங்கிலிருந்து கால் மைல் தள்ளி, கரையின் உள்பக்கச் சரிவில் உட்கார்ந்தேன். கண்மாய்க் கரை படக்காரனுக்கு ஒரு வரம். கீழே நின்று எடுத்தால் பறவையின் வயிறும் வெளுத்த வானமும்தான் கிடைக்கும். கரைமேல் ஏறினால் நடுத்தர மரத்தின் உச்சி நம் கண் மட்டத்துக்கு வந்துவிடும். பின்னணியில் பச்சை நாணலோ மஞ்சள் வைக்கோலோ அமையும். ஏணியும் பரணும் இல்லாமல் கிடைக்கும் உயரம் இது.

பனி விலக ஏழேகால் ஆயிற்று. கருவேல மரத்தின் பட்ட கிளையில் ஒரு கருந்தோள் பருந்து இருந்தது. காகத்தைவிடச் சிறியது, சாம்பலும் வெள்ளையும் கலந்த உடம்பு, தோளில் மை கொட்டியதுபோல் கறுப்பு, கண் இரண்டும் குன்றிமணிச் சிவப்பு. வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு வயலைப் பார்த்தது. நான் போவதற்கு முன்பே அது அங்கே இருந்ததால், நூறடிக்கு அப்பாலேயே உட்கார்ந்து, நகராமல் இருந்தேன். ஐந்து நிமிடத்தில் என்னை ஒரு மண்கட்டியாகச் சேர்த்துக்கொண்டது.

கேமராவை ஒழுங்கு செய்தேன். நொடியில் 2500-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம். அதற்குக் குறைந்தால் சிறகு நுனி கலங்கும். ஃபோகஸ் கண்ணில். லென்ஸ் 600 மில்லிமீட்டர் வரை போகும், ஆனால் 450-க்குக் குறைத்துக்கொண்டேன். உட்கார்ந்திருக்கும் பறவை ஒரு முழம் இருந்தால் சிறகை விரிக்கும்போது மூன்று முழம் ஆகிவிடும். படச்சட்டம் நிறைய நெருக்கிப் பிடித்தவனுக்குச் சிறகு வெட்டுப்பட்ட படம்தான் மிஞ்சும். இந்தப் பாடத்தைப் பல வெட்டுகளுக்குப் பிறகு கற்றிருந்தேன். எழும்புவதற்கு இடம் வேண்டும் என்று பறவைக்கு மேலே நிறைய வெற்றிடம் விட்டேன்.

கழுத்து நீண்டது. தலை இரண்டு முறை மேலும் கீழும் ஆடியது, தூரத்தை அளக்கிறது. முன்னால் சாய்ந்தது. அழுத்தினேன்.

பறவை மேலே எழும்பவில்லை. கல் விழுவதுபோல் கீழே விழுந்தது, பிறகுதான் சிறகு பிடித்துக்கொண்டது. உயரத்தில் இருப்பவனுக்கு வேகம் இலவசம். குதித்தால் போதும், அடித்து மேலே ஏறிச் சக்தியை ஏன் வீணாக்க வேண்டும்? என் படங்களில் முதல் இரண்டில் பருந்து, மூன்றாவதில் ஒரு சிறகு, மிச்சம் பதினான்கில் காலிக் கிளை. கிளை வெகு துல்லியம்.

பிறகு அது வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. ஆணியில் மாட்டியதுபோல். கால்கள் தொங்க மெல்ல மெல்ல இறங்கி, வரப்பில் விழுந்து, வெறுங்காலோடு எழுந்து போனது. எலி தப்பிவிட்டது. அன்று இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்பது மணிவாக்கில் கரைமேல் ஆடுகள் வந்தன. பின்னால் தோளில் துரட்டியோடு ஒரு பெரியவர். இராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரி, ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிப் போகிறவர். அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட வந்திருக்கிறார். என் லென்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது சுடுமா?” என்று கேட்டார். சுடாது ஐயா, படம்தான் எடுக்கும் என்றேன். “அப்படியானால் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? பாம்புக் கழுகு இருக்கிறது, ஓடுபாதைப் பக்கம். காலையில் வெயில் ஏறும்வரை அசையாது” என்றார்.

இரவு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். சாப்பிடும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நம் இலக்கணக்காரர்கள் சூத்திரங்கள் அமையும் வகைகளில் ஒன்றுக்குப் பருந்தின் வீழ்வு என்று பெயர் வைத்தார்கள். மேலிருந்து பாய்ந்து வேண்டியதை மட்டும் கவ்விக்கொண்டு போவது. வீழ்வைப் பார்த்தவர்கள் எழுவதைப் பார்க்கவில்லையா என்று தோன்றியது. இன்று காலை பார்த்தபிறகு அந்தக் குறை நீங்கிவிட்டது. கிளையை விட்டுக் கிளம்புவதே ஒரு வீழ்வுதான்.

மூன்றாம் நாள், சனி

கால்நடைப் பண்ணை நிலத்தையொட்டி இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் போட்டது. இப்போது விமானம் வருவதில்லை, வெடிப்புகளில் புல். அரசு நிலம் ஆகையால் நான் உள்ளே போகவில்லை. போகவும் தேவையிருக்கவில்லை. வெளியே ஓர் ஒற்றைப் பனை; இடி விழுந்ததோ என்னவோ, தலை போய்த் தூண் மாதிரி நிற்கிறது. கீதாரி சொன்ன கழுகு அதன் உச்சியில் இருந்தது.

முதல் பார்வைக்கு ஆந்தை என்றே நினைப்பீர்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய உருண்டைத் தலை, முன்பக்கம் பார்க்கும் மஞ்சள் கண்கள். மார்பு மேலே பழுப்பு, கீழே வெள்ளையில் பழுப்புக் கீற்று. கால்களில் இறகு இல்லை; தடித்த செதில்கள். பாம்பு கொத்தினால் பல் உள்ளே இறங்காதபடி போட்ட கவசம். இரண்டு கிலோ இருந்தாலே அதிகம். ஆனால் சிறகை விரித்தால் ஐந்தடிக்கு மேல். பாம்பைப் பிடித்தால் தலைப்பக்கமிருந்து முழுசாக விழுங்கிவிடும். சில சமயம் வால் மட்டும் அலகுக்கு வெளியே தொங்கும்.

கீதாரி சொன்னதுபோலவே அசையவில்லை. ஏழரை, எட்டு, எட்டரை. பெரிய கழுகுகளுக்கு அவசரம் கிடையாது. நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலே கிளம்ப வேண்டும். அதில் ஏறிக்கொண்டால் சிறகடிக்காமலேயே மணிக்கணக்கில் சுற்றலாம். அதற்கு முன் கிளம்பினால் ஒவ்வோர் அடியும் சொந்தச் செலவு. படக்காரனுக்குத்தான் சங்கடம். பொன் மாதிரி வெளிச்சம் இருக்கும்போது பறவை இருக்கும். பறவை கிளம்பும்போது வெளிச்சம் சுண்ணாம்பாகிவிடும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை, வாடை நிற்பதற்குள், கிடைத்தால் உண்டு.

ஒன்பது இருபதுக்குக் கழுகு உடம்பிலுள்ள இறகு முழுவதையும் நிமிர்த்தி, நனைந்த நாய் மாதிரி ஒரு உதறு உதறியது.

கிளம்பப் போகிறது! அழுத்தினேன். என் கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கும். விரலை எடுக்கவில்லை. கழுகு உதறி முடித்து, ஓர் இறகை அலகால் நீவி, கழுத்தைச் சொறிந்தது. நான் விடவில்லை. இதோ, இதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஐந்தாறு நொடியில் கேமரா மெதுவாகிப் பிறகு நின்றுவிட்டது. எடுத்த படங்களை எல்லாம் கார்டுக்குள் தள்ளி முடிக்கும்வரை அது வேறெதையும் வாங்காது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

அப்போது கழுகு வாலைத் தூக்கிப் பனைத்தண்டின்மேல் நீளமாக வெள்ளை எச்சம் விட்டது. குனிந்தது. தொடைகள் மடங்கின. இரண்டு கண்ணும் ஒரே இடத்தில். குதித்தது.

நான் பார்த்தேன். கேமரா பார்க்கவில்லை.

சிறகுகள் இரண்டும் தலைக்கு மேல் ஏறக்குறைய தொட்டுக்கொள்ளும்வரை போய், ஒரே அடியாகக் கீழே வந்தன. அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. வெயில் அதன் ஊடாகத் தெரிந்தது. கால்கள் கொஞ்ச நேரம் பின்னால் நீண்டே இருந்தன, பனையை விட மனமில்லாதவைபோல. என்னை நோக்கித்தான் வந்தது. கணக்கு சரி. தலைக்கு மேலே, இறகின் சத்தம் கேட்கும் உயரத்தில் கடந்து போயிற்று. அச்சகத்தில் பெரிய தாளைப் புரட்டும்போது கேட்குமே, அந்தச் சத்தம்.

என்னிடம் இருப்பது கழுகு சொறிந்துகொள்ளும் படங்கள் நூற்றுக்கும் மேல்.

உதறுவது கிளம்புவதற்கு அடையாளம் அல்ல. இறகை ஒழுங்குபடுத்தும் எந்தப் பறவையும் உதறும். அரை மணி கழித்தும் அங்கேயே இருக்கும். எச்சம் விடுவது அதைவிட நம்பகமான சாட்சி. பயணத்துக்கு முன் சுமையைக் குறைப்பது. அதற்குப் பிறகு குனிவதும் தொடை மடங்குவதும் சேர்ந்தால் இனி யாராலும் நிறுத்த முடியாது. மூன்றும் நடந்து முடிய இரண்டு நொடி. விரல் அந்த இரண்டு நொடிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். முன்கூட்டியே பிடித்து வைக்கும் வசதி, அதாவது நாம் அழுத்துவதற்கு அரை நொடி முந்தையதையும் சேர்த்துத் தரும் வசதி, புதிய கேமராக்களில் வந்துவிட்டது. என்னுடையதில் இல்லை. இருந்திருந்தால் இந்தப் பத்தியே இருந்திருக்காது.

கீதாரி நடந்ததைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அது பெரிய மனசு. துரட்டியால் தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டினார். “ஜோடி அங்கே கூடு கட்டியிருக்கிறது. போய்ப் பாருங்கள், அங்கே அடிக்கடி வந்து போகும்” என்றார்.

போகவில்லை. இந்தக் கழுகு வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். மார்கழியிலிருந்து கோடை வரை அதன் காலம். கூட்டுக்கு அருகில் மனித நடமாட்டம் கண்டு தாய் எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் முட்டை வெயிலில் வெந்துவிடலாம், காகம் கொத்திவிடலாம். இன்னொன்று இருக்கிறதே என்று தேற்றிக்கொள்ள இரண்டாவது முட்டை கிடையாது. இடத்தின் பெயரை எழுதாததற்கும் இதுவே காரணம். ஓடுபாதை நீளமானது, ஒற்றைப் பனைகள் நிறைய உண்டு, தேடிக்கொண்டு வராதீர்கள்.

கிளம்புமுன் கீதாரி ஒன்று கேட்டார். அவர் இளவட்டமாக இருந்தபோது செத்த மாட்டைப் பொட்டலில் போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டமாக இறங்குமாம். அவை எங்கே போயின? மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் உடம்பில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006-ல் மாட்டுக்கு அதைப் போடக்கூடாது என்று தடை வந்தது என்று சொன்னேன். அவர் ஆடுகளைப் பார்த்தபடி, “வலி போகத்தானே போட்டார்கள்” என்றார்.

நான்காம் நாள், ஞாயிறு

மேகம். தூறல். பனையில் ஒன்றும் இல்லை. பஸ் பிடித்துத் திருமயம் போனேன்.

சேதுபதி 1687-ல் கட்டிய கோட்டை. பாறையும் மதிலும் எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியாதபடி இருக்கிறது. உச்சியில் பீரங்கி. அங்கே நின்றால் பாறைச் சரிவின்மேல் ஏறிவரும் காற்றில் ஒரு சிற்றெழால் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருந்தது. செங்கல் நிற முதுகு. அழகான பறவை, கைக்கு எட்டும் தூரம். ஆனால் நான் மேலே, அது கீழே. மறுபடியும் முதுகு! சிரித்துவிட்டேன். பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

எழால் என்பது பழைய சொல். வேர் என்னவோ, என் காதுக்கு அதில் எழு என்பது கேட்கிறது.

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. ஒரு கண்மாய்க் கரையில் வேன் நின்றது. நான்கு பேர், நான்கு பெரிய லென்ஸ், கூடவே ஒரு வழிகாட்டி. வரப்புக் கல்லில் வெள்ளைக்கண் வைரி ஒன்று நனைந்த சிறகைக் காய வைத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி, “எல்லோரும் தயாரா?” என்றார். மண்கட்டி ஒன்றை எடுத்து வீசினார். வைரி எழுந்தது, நான்கு கேமராவும் தடதடத்தன. அரை ஈரச் சிறகோடு அது தட்டுத் தடுமாறிப் போய்க் கருவேலங்காட்டுக்குள் மறைந்தது. அவர்கள் திரையைப் பார்த்தார்கள். என்ன கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முந்நூறு வைத்திருக்கிறேன்.

“சார், உங்களுக்கு நன்றாகக் கிடைத்ததா?” என்று ஒருவர் என்னிடம் அன்போடு விசாரித்தார்.

சண்டை போடத் தோன்றியது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், கொல்வதோடு, விரட்டுவதும் இரை வைத்து இழுப்பதும் அடக்கம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முதல் வருடத்தில், வேறொரு ஊரில், உட்கார்ந்தே இருந்த ஒரு வல்லூற்றைக் கிளப்ப நானும் மண்கட்டி எறிந்திருக்கிறேன். கைதட்டியும் பார்த்திருக்கிறேன். அது தெரிந்த வாயால் சட்டம் பேச வரவில்லை. “ஈரமாக இருந்ததே, விட்டிருந்தால் காய்ந்ததும் உங்கள் பக்கமே பறந்திருக்கும். காற்று உங்கள் முதுகில்தான் இருக்கிறது” என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பிக் காற்றைப் பார்த்தார். வழிகாட்டி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அன்பு இல்லை.

இரவு சாப்பாட்டில் கும்மாயம். உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும். ஆச்சி மூன்றாவது முறை வைத்தபோது மறுக்கவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள்

மாலை ரயில். காலை ஒன்றுதான் மிச்சம்.

கழுகு வருவதற்கு முன்பே போய்விட வேண்டும் என்று முடிவு செய்தேன். வந்து உட்கார்ந்த பறவையிடம் நாம் போவது வேறு. நாம் இருக்கும் இடத்துக்குப் பறவை வருவது வேறு. முன்னதில் நாம் திருடன், பின்னதில் நிலத்தின் ஒரு பகுதி. ஆறரைக்குப் பனைக்குக் கிழக்கே, ஒரு பழைய செம்பாறைக் குட்டையின் மேட்டில், துண்டை விரித்து உட்கார்ந்தேன். வாடை முதுகில் ஊசியாக இறங்கியது. கழுத்தில் வெயில் விழ ஆரம்பித்தபோது, எந்தப் பூனைக்கும் அவ்வளவு சுகம் இருந்திருக்காது.

எட்டு ஐந்துக்கு வந்தது. தணிந்து வந்து, கடைசியில் மேல்நோக்கி ஒரு வளைவு வளைந்து, பனைமேல் கால் வைத்தது. என்னை ஒருமுறை பார்த்தது. மஞ்சள் கண் நேராக லென்ஸுக்குள். நான் மூச்சை அடக்கினேன். அது தலையைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நடந்தவை: கழுகு நான்கு முறை உதறியது. நான் ஒருமுறைகூட அழுத்தவில்லை. ஒரு கரிச்சான் வந்து அதன் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. உள்ளங்கை அளவுப் பறவை அந்தப் பெரிய கழுகை ஏறி மிதிக்கப் பார்க்கிறது. கரிச்சான் விரட்டி எழுந்தால் எடுப்பது தர்மமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கழுகு கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. கரிச்சான் சலித்துப் போய்விட்டது. எனக்குக் கால் மரத்தது. இடது காலை நீட்ட ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன், ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக. கீதாரியின் ஆடுகள் பனைக்கு அப்பால் மேய்ந்துகொண்டு போயின. அவர் என்னைப் பார்த்தும் குரல் கொடுக்கவில்லை.

லென்ஸை 400-க்குக் குறைத்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்காமல் கிடையாகவே வைத்து, கழுகைச் சட்டத்தின் மேல்பாதியில் நிறுத்தினேன். கீழே இடம். விழட்டும்.

ஒன்பது ஐம்பதுக்கு ஆடுகள் போன தடத்தில் புல் ஏதோ நெளிந்தது போலும், எனக்குத் தெரியவில்லை. கழுகின் தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பி நின்றது. தலை அப்படியே இருக்க, உடம்பு மட்டும் மெல்லத் திரும்பித் தலையோடு சேர்ந்துகொண்டது. வால் தூக்கியது. எச்சம். குனிந்தது.

விரல் தானாக அழுத்தியது. இரண்டு நொடி. நாற்பது படங்கள்.

கை நடுங்கத் திரையில் பார்த்தேன். முதல் பத்தில் குனிவு. பதினொன்றில் தொடை நிமிர்கிறது, சிறகு பாதி திறந்திருக்கிறது. பன்னிரண்டில் இரண்டு சிறகும் மேலே விரிந்து நிற்க, ஒற்றைக் காலின் நடுவிரல் நகம் மட்டும் பனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நகத்தின் கீழிருந்து பட்டையின் ஒரு சிம்பு பெயர்ந்து காற்றில் நிற்கிறது. முகம் முழுதாக இருக்கிறது. கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி. இடது சிறகின் கடைசி இறகு நுனி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, அரை அங்குலம். என் தொழில் புத்தி அதைத்தான் முதலில் பார்த்தது. பிறகு அந்தச் சிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சிறிதாக்கினேன், மறுபடியும் பெரிதாக்கினேன். வால் எங்கே என்று தேடினேன். உடம்புக்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது, தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, பக்கத்தில் ஆட்டு மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பனையும் வானமும் காலி.

“பார்த்தீர்களா?” என்றார் கீதாரி.

“பாருங்கள் ஐயா” என்று திரையைக் காட்டினேன்.

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துத் தலையாட்டினார். “இது சரி. பிடித்ததைப் பார்த்தீர்களா? சாரைக்குட்டி. இரண்டு முழம் இருக்கும். அதோ அந்த வரப்பில் வைத்துத்தான் விழுங்கியது. உங்களைப் பார்த்துத்தான் விழுங்கியது. நீங்கள் குனிந்து இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.”

மதியம் ஆச்சிக்குப் படத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். இறகு நுனியைப் பற்றி நானே சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“எதற்குக் கிளம்பியது?”

“பாம்புக்கு, ஆச்சி.”

“கிடைத்ததா அதற்கு?”

“கிடைத்தது. ஆடு மேய்க்கும் ஐயா பார்த்திருக்கிறார்.”

“அப்படியானால் சரி” என்று கண்ணாடியைக் கழற்றினார். “அது சாப்பிட்டுவிட்டது. நீங்கள் கை கழுவுங்கள் தம்பி, ரயிலுக்கு நேரமாகிறது.”